ஆட்டங்களின் பெயர்களுக்கு அகராதியில் தனி இடம் கொடுங்கள்

தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஜொகூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ச் சொற்களைத் திரட்டி விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும் இந்த மடல். அச்சு அகராதி செய்பவர்களுக்கும் கணினி அகராதி செய்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முதன்மையாகக் கேட்பது ஒன்றுதான். கரகாட்டம், காவடியாட்டம், கோலாட்டம், கும்மி, ஒயிலாட்டம், தப்பாட்டம், தேவராட்டம், பொய்க்கால் குதிரை என்று நம் மக்கள் பெயர் வைத்து ஆடிவரும் ஒவ்வோர் ஆட்டத்தையும் பெயர்ச்சொல் என்ற குறிப்போடு தனித் தலைச்சொல்லாகச் சேருங்கள். 'ஆடு' என்ற வினையின் கீழ் ஓர் எடுத்துக்காட்டாகவோ, 'கரகம்', 'காவடி' என்ற பொருட்பெயரின் விளக்கத்தில் கடைசி வரியாகவோ அவற்றை முடித்துவிடாதீர்கள்.

கும்மியும் கோலாட்டமும் பல அகராதிகளில் ஏற்கெனவே உண்டு. மற்ற எல்லா ஆட்டங்களின் நிலையும் அப்படி இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதை எதற்குள் அடக்குவது என்பதில் அகராதிக்கு அகராதி வழி வேறுபடுகிறது. இதற்கு ஒரு பொதுமுறை வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலாய் மொழிக்கு அகராதி செய்த டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்ற நிறுவனம் பிறந்தது இந்த மாநிலத்தில்தான். 1956 ஜூன் 22 அன்று ஜொகூர் பாருவில் 'பாலாய் புஸ்தாகா' என்ற பெயரில் அது தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் கூடிய மூன்றாம் மலாய் மொழி, இலக்கிய மாநாட்டின் தொடர்ச்சியாக இன்றைய பெயரைப் பெற்றது. 1957இல் கோலாலம்பூருக்கு மாறியது. 1970இல் அதன் அகராதியான 'காமுஸ் டேவான்' முதல் பதிப்பு வெளிவந்தது. ஒரு மக்கள் கூட்டம் தன் மொழியைப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் உரியதாக்க வேண்டுமென்றால் முதலில் அகராதியைக் கையில் எடுக்க வேண்டும் என்று இந்த மண் அப்போதே அறிந்திருந்தது. அதே மண்ணில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கும்மியும் கோலாட்டமும் பழக்குகிறவன் நான்.

முதலில், உங்கள் பக்க நியாயத்தை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். 'ஆட்டம்' என்பது 'ஆடு' என்ற வினையிலிருந்து பிறந்த தொழிற்பெயர். அதன் முன்னால் எந்தப் பெயரையும் சேர்க்கலாம். குழு ஆட்டம், மேடை ஆட்டம், தெரு ஆட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றையெல்லாம் தலைச்சொல்லாக்கினால் அகராதிக்கு எல்லை இருக்காது. வினைகளைப் பொறுத்தவரை நம்மிடம் இரண்டு நல்ல மரபுகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், வினையடியோடு '-தல்', '-த்தல்' சேர்த்துத் தலைச்சொல்லாகத் தந்தது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வினையடியைத் தலைச்சொல்லாக வைத்து, அதன் எச்ச வடிவங்களை அடைப்புக்குள் காட்டியது. இரண்டிலும் கருத்து ஒன்றே: செயல் ஒன்று, அதற்குப் பதிவும் ஒன்று. ஆடுதல், ஆடுகை, ஆடல் ஒவ்வொன்றுக்கும் முழு விளக்கம் எழுதத் தேவையில்லை.

அதில் எனக்கு மறுப்பில்லை. 'வேகமாக ஆடுதல்' என்பதற்குத் தனிப் பதிவு கேட்க நான் வரவில்லை. ஆனால் கரகாட்டம் வெறும் செயலின் பெயரன்று. அதற்குக் கருவி உண்டு, தாளம் உண்டு, ஆடும் காலம் உண்டு, ஆடுகிற மக்கள் உண்டு, கற்றுத்தரும் ஆசான் உண்டு. ஒருவர் இன்று ஆடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் கரகாட்டம் என்ற கலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. அதை ஒரு பொருளைப் போலவே பேசுகிறோம். கரகாட்டம் கற்றேன் என்கிறோம், கரகாட்டம் அழிகிறது என்கிறோம், கோயிலுக்குக் கரகாட்டம் வைத்தார்கள் என்கிறோம். இப்படிப் பேசப்படும் சொல் முழுப் பெயர்ச்சொல். இலக்கணம் அதன் பிறப்பைத் தொழிற்பெயர் என்று சொன்னாலும், வழக்கில் அது வளர்ந்து தனியாக நிற்கிறது.

அடுத்து, பகுதிகளைக் கூட்டினால் பொருள் வந்துவிடும் என்ற எண்ணம் இந்தப் பெயர்களில் எவ்வளவு தூரம் செல்லும் என்று பாருங்கள். தப்பாட்டத்தை எடுத்துக்கொள்வோம். தப்பு என்றால் தவறு என்று மட்டுமே அறிந்த பிள்ளை, 'தப்பா ஆடுறதா ஐயா?' என்றுதான் கேட்கும். அந்தப் பிள்ளையின் மேல் குறையில்லை. தப்பு என்பது ஒரு தோற்கருவி, அதை அடித்துக்கொண்டே ஆடுவது தப்பாட்டம் என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தானே அதற்குத் தெரியும்? மயிலாட்டம் என்றால் மயில் ஆடுவதா, மயில் வேடமிட்டு மனிதர் ஆடுவதா? இரண்டுக்கும் ஒரே சொல்தான். பொய்க்கால் குதிரை என்ற பெயரில் ஆட்டம் என்ற சொல்லே இல்லை. இடுப்பில் குதிரைக் கூடு, காலில் மரக்கட்டை என்பது அந்தப் பெயரைப் பிரித்தால் கிடைக்காது. தேவராட்டத்தைத் தேவர்களின் ஆட்டம் என்று பிரித்துவிட்டால், அதைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் கம்பளத்து நாயக்கர் மக்கள் அந்த விளக்கத்திலேயே இல்லாமல் போய்விடுவார்கள்.

இலங்கைக்குப் போனால் இன்னும் தெளிவாகும். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இரு வகைக் கூத்துகள் உண்டு. பெயரை மட்டும் பார்ப்பவர் ஒன்று வடக்கே ஆடுவது, மற்றது தெற்கே ஆடுவது என்று நினைத்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே வட்டாரத்தில் பக்கம் பக்கமாக ஆடப்படுபவை. ஆட்டமுறையிலும் பாட்டிலும் உடையிலும் கதையிலும் வேறுபடுபவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, இந்த இரு பெயர்களும் மட்டக்களப்புக்கு வெளியே இருந்த தமிழர்களுக்கும் பழக்கமாயின. 'வடக்கு' என்ற பதிவையும் 'மோடி' என்ற பதிவையும் புரட்டி ஒருவர் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கொங்கு நாட்டின் வள்ளி ஒயில் கும்மி இன்னொரு சான்று. அதை வாழ்நாளெல்லாம் கற்பித்த பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் அதே விருது. இந்திய அரசின் விருதுப் பட்டியல் ஏற்றுக்கொண்ட இந்தக் கலைப்பெயர்களைத் தமிழ் அகராதி விட்டுவிடலாமா? வள்ளி, ஒயில், கும்மி என்று மூன்று சொற்களை அடுத்தடுத்து வைத்துவிட்டால், வள்ளி திருமணக் கதையைப் பாடிக்கொண்டே அடிவைத்து ஆடும் அந்தக் கலை படிப்பவருக்குப் புலப்பட்டுவிடாது.

எனக்கு மிக முக்கியமாகப் படும் காரணம் இனிமேல்தான் வருகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உரிய வினை வேறு. கும்மியை 'அடி'க்கிறோம், 'கொட்டு'கிறோம். கோலாட்டத்தை 'ஆடு'கிறோம், 'அடி'க்கிறோம். கூத்தை 'ஆடு'கிறோம், 'கட்டு'கிறோம். புலி வேடத்தைப் 'போடு'கிறோம். அடவை 'வை'க்கிறோம். வினையை மாற்றினால் பொருளே மாறிவிடும். கும்மி அடித்தால் அது ஆட்டம். கூத்து அடித்தால் அது கும்மாளம். ஆட்டம் போட்டால் அடக்கமில்லாமல் நடப்பது, ஆட்டம் கண்டால் நிலைகுலைவது. தமிழைப் பிறமொழியாகக் கற்கும் ஒருவருக்கு இதை எங்கே சொல்லித் தரப்போகிறீர்கள்? 'அடி' என்ற வினையின் கீழ் நூறு பொருள்களுக்கு நடுவே புதைத்தா? கும்மி என்ற பெயருக்குத் தனிப் பதிவு இருந்தால், அங்கேயே 'கும்மி அடி', 'கும்மி கொட்டு' என்று இரண்டு வரியில் முடியும்.

இங்கே ஜொகூரில் இந்த வேறுபாடு வழிபாட்டையே தொடுகிறது. தைப்பூசம் எங்களுக்கு மாநில விடுமுறை. நேர்த்திக்கடன் செலுத்துகிறவர் காவடி 'எடுக்கிறார்'. உறுமி முழங்க, அதைத் தோளில் வைத்துச் சுழன்று ஆடுகிறவர் காவடி 'ஆடுகிறார்'. முன்னது வேண்டுதல், பின்னது ஆட்டம். ஒரே மனிதர் இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம். ஆனாலும் செயல் இரண்டு, பெயர் இரண்டு. அரசியல் பேச்சில் ஒருவருக்குக் காவடி 'தூக்கினால்' அது மூன்றாவது பொருள். கரகமும் இப்படித்தான். அம்மன் திருவிழாவில் விரதமிருந்து கரகம் எடுப்பவரையும் மேடையில் கரகம் ஆடுபவரையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. கலைஞர்களே சக்தி கரகம், ஆட்டக் கரகம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். மக்கள் இவ்வளவு தெளிவாக வைத்திருக்கும் வேறுபாட்டை அகராதி ஒரே பதிவில் கலந்துவிடக் கூடாது.

இதெல்லாம் புதிய கோரிக்கை என்று நினைக்க வேண்டாம். நம் அகராதிகளின் முன்னோடிகளான நிகண்டுகளைப் பாருங்கள். திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்பதாவது 'செயல் பற்றிய பெயர்த்தொகுதி'. தெய்வத்துக்கும் மக்களுக்கும் விலங்குக்கும் மரத்துக்கும் தொகுதி வகுத்தது போலவே செயலுக்கும் பெயர் உண்டென்று தனித்தொகுதி வகுத்தார்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை மாதவி ஆடிய பதினோர் ஆடல்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது: கொடுகொட்டி, பாண்டரங்கம், அல்லியம், மல், துடி, குடை, குடம், பேடு, மரக்கால், பாவை, கடையம். குடை என்றும் குடம் என்றும் வரும் இடங்களில், அவை ஆடலின் பெயர்கள் என்று சொல்லப்படாவிட்டால் நாம் கையில் பிடிக்கும் குடையையும் தண்ணீர் எடுக்கும் குடத்தையுமே நினைத்திருப்போம். அன்றைய குடத்துக்கு இருந்த அதே சிக்கல்தான் இன்றைய கரகத்துக்கும் இருக்கிறது.

அந்தப் பதினொன்றும் இன்று வாழும் மரபாக ஆடப்படுவதில்லை. ஆனாலும் எது சிவன் ஆடியது, எது திருமால் ஆடியது, எது முருகன் ஆடியது என்று நம்மால் சொல்ல முடிகிறது. நூலும் உரையும் ஒவ்வொரு பெயருக்கும் சில சொற்களை விட்டுச்சென்றதே அதற்குக் காரணம். தமக்குமுன் இருந்த நாடகத்தமிழ் நூல்கள் பல மறைந்துபோனதைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் தம் உரையிலேயே பதிவு செய்தார். 1892இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அந்த உரையோடு பதிப்பித்தபோது, மறைந்த நூல்களின் பெயர்களாவது நமக்கு மிஞ்சின. துணங்கை என்ற பழைய கூத்தை இன்று நாம் ஓரளவு மனத்தில் கண்டுகொள்கிறோம் என்றால், முடக்கிய கைகளால் விலாவில் அடித்துக்கொண்டு ஆடுவது என்று உரைகாரர் எழுதிவைத்த ஒரு வரிதான் துணை. கலை மறைந்த பிறகும் ஒரு வரி விளக்கம் நிற்கும். நீங்கள் எழுதப்போவதும் அத்தகைய வரிகளைத்தான்.

பெயர் மாறும்போதும் தனிப் பதிவு உதவும். சதிர் என்றும் சின்னமேளம் என்றும் அழைக்கப்பட்ட ஆட்டம் 1930களில் சென்னை மியூசிக் அகாடமியின் முயற்சியாலும், 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி போன்றோரின் பணியாலும் பரதநாட்டியம் என்ற பெயரில் நிலைத்தது. தமிழ் லெக்சிகனின் தொகுதிகள் வெளிவந்துகொண்டிருந்த காலத்தின் கடைசி ஆண்டுகளிலேயே இந்த மாற்றமும் நடந்தது. சதிருக்கு ஒரு பதிவு, பரதநாட்டியத்துக்கு ஒரு பதிவு, இரண்டுக்கும் நடுவே ஒரு 'காண்க' இருந்தால், யாருடைய கலை எந்தப் பெயரில் தொடர்கிறது என்று நாளைய பிள்ளை கண்டுபிடித்துவிடும். தப்பாட்டமும் பறையாட்டமும் அப்படியே. எந்தப் பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்பதில் அந்தக் கலைஞர்களின் மானம் அடங்கியிருக்கிறது. இரண்டு பெயரையும் மதிப்போடு பதிவு செய்வது உங்கள் கடமை.

எங்கள் பக்கத்து வீட்டு மொழி இதை எப்படிச் செய்கிறது என்றும் பாருங்கள். மலாய் அகராதி வேர்ச்சொல்லை வைத்து நடக்கும். 'தாரி' என்ற வேரின் கீழ் 'மெனாரி' என்ற வினையும், 'தாரியான்' என்ற ஆட்டப்பெயரும், ஆடுபவரைக் குறிக்கும் 'பெனாரி'யும் தத்தம் விளக்கத்தோடு நிற்கும். செயலையும் செயலின் பெயரையும் ஒன்றாகக் கலப்பதில்லை. ஜொகூரில் ஜாவா வழிவந்த மக்கள் ஆடும் 'கூடா கெப்பாங்' என்ற குதிரை ஆட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மூங்கில் பின்னலாலோ தோலாலோ செய்த தட்டைக் குதிரையைக் கால்களுக்கிடையே பிடித்து வரிசையாக ஆடுவார்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதும்போது, நம் பொய்க்கால் குதிரையோடு ஒப்பிட்டு எழுதச் சொல்கிறோம். அந்தப் பிள்ளை தமிழ் அகராதியைத் திறந்தால் 'பொய்க்கால்' ஓர் இடத்திலும் 'குதிரை' வேறோர் இடத்திலும் கிடைத்து, ஆட்டம் மட்டும் கிடைக்காமல் போகக் கூடாது. நாளை மலாய் அகராதிக்காரர் ஒருவர் நம் ஆட்டங்களுக்கு விளக்கம் எழுத நினைத்தாலும், முதலில் கையை நீட்டப்போவது உங்கள் நூலுக்குத்தான்.

இதை இப்போதே கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கும்மியும் காவடியும் கரகமும் இங்கே வாழ்ந்தது தோட்டங்களில். சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ஜொகூர் முழுதும் ரப்பரும் செம்பனையும் நட்ட மக்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இவற்றை ஆடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போக, ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்கள் பல ஊர்களுக்குச் சிதறின. முன்பு பிள்ளைகள் பார்த்தே கற்ற சொற்களை இப்போது கேட்டோ படித்தோதான் கற்க வேண்டும். க்ரியா அகராதி அச்சில் வந்த தற்கால எழுத்தை ஆதாரமாகக் கொண்டு சொற்களைத் தேர்ந்தது. அது நல்ல முறை. ஆனால் ஆட்டக்காரரின் சொற்கள் அச்சைவிட வாயில்தான் அதிகம் புழங்குகின்றன. எழுத்தில் குறைவாக வருவதால் அவை குறைவான தகுதி உடையவை ஆகிவிடாது.

இடமில்லை என்று சொல்வீர்கள். அச்சில் அது உண்மையான கவலை. விளக்கத்தை இரண்டு வரியில் நிறுத்துங்கள், போதும். கணினி அகராதியில் அந்தக் கவலையும் இல்லை. இது கலைக்களஞ்சியத்தின் வேலை என்றும் சொல்லலாம். வரலாற்றையும் வகைகளையும் ஆசான்களின் மரபையும் கலைக்களஞ்சியம் சொல்லட்டும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் ஒரு வரியும் அதற்குரிய வினையும் அகராதியின் பொறுப்பு.

எல்லை எங்கே என்பதற்கு நான் சொல்லும் அளவுகோல் இது. பெயரின் பகுதிகளைப் பிரித்தால் முழுப்பொருள் கிடைக்கவில்லை என்றால் அதைச் சேருங்கள். அதற்கென்று தனி வினையோ, அதிலிருந்து பிறந்த சொற்களோ இருந்தாலும் சேருங்கள்: கரகாட்டக்காரர், கும்மிப்பாட்டு, காவடிச் சிந்து போல. ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் மக்கள் அதே பெயரால் அதே ஆட்டத்தை அறிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இந்தச் சோதனைகளில் எதிலும் தேறாத 'மேடை ஆட்டம்' போன்றவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம். குத்தாட்டம் போன்ற புதிய சொல் தேறினால், அது திரைப்படத்தால் பரவியது என்பதற்காக விலக்க வேண்டாம்.

பதிவு எப்படி இருக்கலாம் என்று மாதிரிக்குச் சில எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்.

கரகாட்டம் (பெ.): அலங்கரித்த செம்பைக் கையால் பிடிக்காமல் தலையில் நிறுத்தி, நையாண்டி மேளத்துக்கு ஏற்ப ஆடும் ஆட்டம். வினை: கரகம் ஆடு. ஒப்பிடுக: கரகம் எடு (வழிபாட்டுச் சடங்கு).

தப்பாட்டம் (பெ.): தப்பு என்னும் வட்டமான தோற்கருவியைத் தோளில் மாட்டிக் குச்சிகளால் அடித்துக்கொண்டே அடவு வைத்து ஆடும் குழு ஆட்டம். காண்க: பறையாட்டம். குறிப்பு: இங்கே 'தப்பு' கருவியின் பெயர்.

காவடியாட்டம் (பெ.): காவடியைத் தோளில் தாங்கி, அது விழாதபடி சுழன்று ஆடும் ஆட்டம். வினை: காவடி ஆடு. ஒப்பிடுக: காவடி எடு (நேர்த்திக்கடன்). எ-டு: தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்கு இளைஞர்கள் காவடியாட்டம் ஆடினார்கள்.

மூன்றும் சேர்ந்து ஒரு பக்கத்தின் சிறு பகுதியைக்கூட நிரப்பவில்லை. ஆனால் கரகத்தையும் காவடியையும் பற்றி இங்குள்ள பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இவற்றிலேயே விடை இருக்கிறது.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். ஆட்டப்பெயர்களுக்கு விளக்கம் எழுதுமுன் ஆடுகிறவர்களையே கேளுங்கள்; அவர்கள் சொல்லும் வினையை மாற்றாதீர்கள். க்ரியாவின் 2008 பதிப்பு இலங்கை வழக்குக்கு இடம் கொடுத்ததைப் போல, மலேசிய வழக்குக்கும் ஒரு குறியீடு வகுத்து எங்கள் சொற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய சொற்பிறப்பியல் பேரகரமுதலி போன்ற பெருந்திட்டங்களின் அடுத்த பதிப்புகளில், ஆட்டக்கலைச் சொற்களை ஒரு துறையாகவே எடுத்துத் தொகுக்க ஆள் அமர்த்துங்கள்.

எங்கள் பங்கையும் செய்வோம். ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்துப் பெரியவர்களிடம் கேட்டு, அங்கே ஆடப்பட்ட ஆட்டத்தின் பெயர், கருவி, பாட்டு, வினை ஆகியவற்றை எழுதித் தர முடியும். பிள்ளைகளுக்கு அது நல்ல பாடம், உங்களுக்கு நல்ல தரவு. தாள் எங்களுடையது, உழைப்பும் எங்களுடையது. அதைப் பெற்றுக்கொண்டு சரிபார்த்துத் தலைச்சொல்லாக்குவதாக நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும், நாங்கள் தொடங்கிவிடுவோம்.

அன்புடன்,
ஜொகூர் பாருவிலிருந்து,
கும்மியும் கோலாட்டமும் கற்பிக்கும் ஒரு தமிழாசிரியர்